இளஞ்சிவப்புப் பட்டை

ஏறும்போது ரோஜா கொடுத்தார்கள்.
ஆளுக்கு ஒன்று, முள் சீவியது.
பெயர் கேட்டு, பெயரைத் திருப்பிச் சொல்லி,
நீல நிறத்தில் ஏதோ சர்பத்.
செல்வின் இரண்டு குடித்தார்.
பாலிசி பிடித்துக் கொடுத்ததற்குக் கம்பெனி பரிசு,
மூன்று இரவு, மும்பை கோவா மும்பை;
இதுவும் அதில் சேர்த்தியா என்று
கேட்டுக்கொண்டுதான் குடித்தார்.

கடைசி இரவு கதவிடுக்கில் ஒரு தாள்.
பதினொன்றுக்குள் பெட்டிகளை வெளியே வைக்கவும்.
இளஞ்சிவப்புப் பட்டை கட்டவும்.
எட்டு மணிக்கு அறையைக் காலி செய்யவும்.
அடியில் ஐந்து வெற்று நட்சத்திரங்கள்,
நிரப்பித் தரச் சொல்லி.

நான் சொன்ன நேரம் தவறாதவள்.
எல்லாவற்றையும் மடித்து, பூட்டி, வெளியே தள்ளி,
விளக்கணைத்துப் படுத்த பிறகுதான்
உறைத்தது:
காலையில் உடுத்த வேண்டிய சேலையும்
அந்தப் பெட்டியில்.
கதவைத் திறந்தேன்.
நடை நெடுக ஒரு பெட்டி இல்லை.
கம்பளம் மட்டும், படிய வாரிய தலை மாதிரி.

விடியுமுன் ஒலிபெருக்கி எழுப்பியது.
நேற்று வரை "அன்பு விருந்தினர்களே" என்ற குரல்
இன்று "இளஞ்சிவப்பு, ஐந்தாம் தளம்" என்றது.

நிமா வந்தான். காலிம்போங் பையன்.
மூன்று நாளும் துண்டை மடித்து
யானை செய்தான், குரங்கு செய்தான்,
குரங்குக்கு என் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டுப் போனான்.
இன்று துண்டுகளை எண்ணினான்.
நான் பல் துலக்கும்போதே
விரிப்பை உருவும் சத்தம்.
கதவில் எங்கள் பெயர் போய்
யாரோ ஒரு திருமதி லோகண்டேயின் பெயர்.
"ஒன்பதுக்குள் பதினாறு அறை, மேடம்."
சிரித்தான்.
சிரிப்பில் குறையில்லை, நேரம்தான் இல்லை.

நைட்டியோடு வரிசையில் நின்றேன்.
இந்த ஊரில் நைட்டி மேல் ஒரு துப்பட்டா கிடந்தால்
பால் வாங்கலாம், பாங்குக்கே போகலாம்.
துப்பட்டாவும் பெட்டியில்.
செல்வின் தன் சட்டையைக் கழற்றித் தந்துவிட்டு
பனியனோடு, வயிற்றை உள்ளிழுத்தபடி,
துறைமுகத்தைப் பார்ப்பதுபோல் நின்றார்.

செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில்
பில் போடுகிற ஜன்னலில் பதினெட்டு வருஷம்.
எந்தக் கட்டில் எப்போது காலியாகும் என்று
நர்ஸுக்கு முன் எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு தாண்டினால் இன்னொரு நாள் வாடகை,
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
பெயரை விட்டுவிட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு என்று.
போன மாதம் ஒரு அம்மாள்
முதுகில் நாடா கட்டிய கவுனோடு வந்து
"வீட்டுத் துணி எடுத்தாரப் போயிருக்கான் பையன்" என்றாள்.
"அங்க போய் உக்காருங்க."
எங்கே என்று நான் காட்டவில்லை.

பாலார்ட் பியரில் கண்ணாடிச் சுவர்.
அந்தப் பக்கம் ஏறப்போகிறவர்கள்,
கையில் ரோஜா.
ஒரு குழந்தை என்னைக் காட்டி ஏதோ கேட்டது.
அதன் தாய் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.
திருமதி லோகண்டே அவளாகவும் இருக்கலாம்.

இருநூறு இளஞ்சிவப்புக்குள் எங்கள் பெட்டியைத் தேடி
தரையிலேயே திறந்து
கைக்குக் கிடைத்த சேலையை உருவி
கழிப்பறையில் சுற்றிக்கொண்டு வந்தேன்.
பாவாடைக்குப் பதில் நைட்டி.

"செம்பூரா? வராது" என்றான் முதல் டாக்ஸி.
இரண்டாவது நிற்கவேயில்லை.
அடுத்தவனைப் பிடித்து ஸ்டேஷன்,
அங்கிருந்து ஹார்பர் லைன்.
செல்வின் போனைத் தடவிக்கொண்டிருந்தார்:
"பையனுக்கு அஞ்சு போட்டுட்டேன்.
குறைச்சா சம்பளத்துல பிடிப்பாங்களாம்."

வடாலா தாண்டியும் கால் ஆடிக்கொண்டிருந்தது.
ரயிலா கடலா தெரியவில்லை.
பாஸ் எடுக்கப் பையைத் துழாவினேன்.
அறை திறக்கும் அட்டை வந்தது.
திருப்பித் தர மறந்திருக்கிறேன்.
அவர்களும் கேட்கவில்லை.